பீடத்தில் பொறித்த ஆண்டு

சின்னசேலத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போரைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாதிப் பதில் பருத்தியில் இருக்கிறது. 1861-ல் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டன. தென்மாநிலத் துறைமுகங்களை வடக்கின் அதிபர் லிங்கனின் கடற்படை மறித்ததும் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோனது. இந்தியப் பருத்தியின் விலை மளமளவென்று ஏறியது. 1865-ல் போர் முடிந்ததும் சரிந்தது. அந்த நாட்டு அடிமைகள் எடுத்த பஞ்சுக்கும் நம் சம்சாரிகள் எடுத்த பஞ்சுக்கும் ஒரே சந்தைதான்.

மீதிப் பதில் என் மனசைப் பற்றியது. அந்த வரலாற்றில் எனக்குச் சாதிக்காரன் இல்லை, கட்சிக்காரன் இல்லை, பங்காளியும் இல்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று பார்க்கும்போது மனசு சாயாமல் நிற்கிறது. அங்கே பழகிய பார்வையோடு இங்கே திரும்பும்போதுதான் சிரமம் தொடங்குகிறது.

அமெரிக்கத் தெற்கின் சிலைகளைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, அவற்றை எந்த ஆண்டில் வைத்தார்கள் என்பதைத்தான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீ. 1865-ல் சரணடைந்தார், 1870-ல் இறந்தார். போரின் புண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும் நினைவுச் சின்னங்கள் வேண்டாம் என்று அவரே 1869-ல் எழுதியிருக்கிறார். ரிச்மண்ட் நகரில் குதிரைமேல் அவருக்குப் பெரும் சிலை எழுந்ததோ 1890-ல். கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பறித்த காலம் அது. தென் கரோலினா சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் கூட்டமைப்பின் போர்க்கொடி ஏறியது 1960-களின் தொடக்கத்தில். சம உரிமை கேட்டுக் கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் உட்கார்ந்து அடிவாங்கிய அதே ஆண்டுகள்.

அது எங்கள் பாரம்பரியம், முன்னோர் நினைவு என்கிறார்கள். முன்னோரை நினைப்பதில் தவறில்லை. ஆனால் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் மேடையிலேயே சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கொடிக்கு வேறு பொருள் தேடுவது வீண் வேலை. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வேத வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்ற இளைஞன், அந்தக் கொடியோடு படம் எடுத்து வைத்திருந்தான். ஜூலை 10-ல் சட்டமன்ற வளாகத்திலிருந்து கொடியை இறக்கினார்கள். ரிச்மண்டின் லீ சிலை 2021 செப்டம்பரில் இறங்கியது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று விட முடியாதபடி நமக்கும் ஒரு சிலை இருந்தது. 1857 எழுச்சியை ஒடுக்கப் போன வழியில், அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாமல் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்டவர் கர்னல் நீல். தூக்கிலிடும் முன் கைதிகளை ரத்தக் கறை படிந்த தரையை நாக்கால் நக்கவைத்தவர். அவர் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து சோமயாஜுலு வந்தார். கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் வந்தார், சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு. சிறைக்கும் போனார்கள். அந்தச் சிறுமிக்குத்தான் காந்தி லீலாவதி என்று பெயர் வைத்தார். அன்றைக்குச் சின்னசேலமும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம் என்பதால் அஞ்சலையம்மாளை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு, பெருமையும் உண்டு.

1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் நீல் சிலை தெருவை விட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அது சரியான முடிவு. தெருவில் நிற்கிற சிலை மரியாதை கேட்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கிற சிலை, நடந்ததற்குச் சாட்சி சொல்கிறது. நீலை உடைத்துத் தூளாக்கியிருந்தால் அவருக்கும் ஒருகாலத்தில் இங்கே மாலை விழுந்தது என்பதற்கான அத்தாட்சி போயிருக்கும்.

அந்நியன் சிலை என்றால் முடிவெடுப்பது சுலபம். நமக்குள் என்று வரும்போது என்ன செய்தோம்? சின்னசேலம் பேருந்து நிலையத்துக்கு விழுப்புரத்து வண்டிகளும் வரும், சேலத்து வண்டிகளும் வரும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயர் இருந்த நாளில், ஒன்றில் தந்தை பெரியார் பெயர் இருந்தது, மற்றதில் அண்ணா பெயர். எங்கள் மாவட்டமே 1993 முதல் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டமாக இருந்தது. 1997-ல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. அவர் பிறந்த சாதியைக் காட்டி, அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. அமைதி வந்தது உண்மை. ஆனால் ஒரே ஒரு பெயரைச் சகிக்க முடியாதவர்களுக்காக அத்தனை பெயர்களும் அழிந்தன. அந்த வெறுப்பை யாரும் பெயர்சொல்லிக் கண்டிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அதை என்னால் தீர்வு என்று ஏற்க முடியவில்லை.

அந்த வெறுப்பிலிருந்து காக்க, இன்றும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனவர், 1946-ல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அம்மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டுப் பெற்றவர். லீயின் சிலையும் சிலை, இவருடையதும் சிலை என்று இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்று அடிமைகளை வைத்திருந்தவர்கள் தங்கள் ஆதிக்கத்தைக் காட்ட வைத்தது. மற்றது, ஊருக்குள் நிமிர்ந்து நடக்க விடப்படாதவர்கள் காசு சேர்த்து வைத்தது. வைத்தவர் யார் என்று கேட்காமல் சிலையைப் பற்றி நியாயம் பேச முடியாது.

சிலையே இல்லாத வரலாறும் இருக்கிறது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-ல் வந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இருந்த அடிமைகளுக்கு அந்தச் செய்தி எட்டியது 1865 ஜூன் 19-ல். இரண்டரை ஆண்டு தாமதம். அந்த நாளை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வந்தார்கள். 2021-ல் அது தேசிய விடுமுறை ஆனது. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஊருக்கு வடக்கே தெரிகிற கல்வராயன் மலைதான் நினைவுக்கு வந்தது. மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் கையில் இருந்த மலை அது. நாடு 1947-ல் விடுதலை அடைந்தது. ஜாகிரை ஒழிக்க 1963-ல் சட்டம் வந்தது. மலை அரசின் கைக்கு வந்ததோ 1976-ல். கால்வெஸ்டனின் தாமதம் இரண்டரை ஆண்டு; கல்வராயனின் தாமதம் இருபத்தொன்பது ஆண்டு. டெக்சாஸ் கதையை நாலு புத்தகத்தில் படித்துவிட்டேன். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் அடங்கிய கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. மாவட்ட நிர்வாகம் கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் ஒரு கல்லாவது நட வேண்டும். தலைவர்கள் படம் வேண்டாம், திறந்துவைத்தவர் பெயரும் வேண்டாம். 1976 என்ற ஆண்டு இருக்கட்டும். அதன்கீழ் என்ன எழுதுவது என்பதை மலைமக்களே சொல்லட்டும்.