தோட்டத் தமிழும் பழைய நினைவும்

விட்டுவந்த மண்ணை நினைந்து பாடுதல் மக்களுக்கு இயல்பு. அத்தகைய பாட்டு எந்நாட்டிலும் கேட்போர் நெஞ்சை உருக்கும். ஆயின், உருக்குவதெல்லாம் உண்மையாகுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் 1849-ல் பிறந்து 1916-ல் மறைந்தவர் ஜேம்ஸ் விட்கோம் ரைலி. இலக்கண ஆங்கிலத்தை ஒதுக்கி, உழவர் நாவில் வழங்கும் கொச்சையிலேயே பாடிப் பெரும்புகழ் எய்தினார். பறங்கிக்காயின்மேல் உறைபனி படியும் அறுவடைக் காலத்தை 1882-ல் பாடினார். சிறுவர் நீந்திக் களித்த பழைய மடுவைப் பாடிய நூல் 1883-ல் வெளிவந்தது. கொச்சையும் கவிதைக்குத் தகும் என்று காட்டியது அவர் செய்த நன்மை.

எனினும் ஒன்று கருதத்தக்கது. அப்பாடல்களை அவர் முதலில் தம் பெயரால் வெளியிட்டாரில்லை. பூன் என்னும் பகுதியின் உழவர் ஒருவர் எழுதியன எனப் புனைபெயரிட்டு நகரத்துச் செய்தித்தாளில் வெளியிட்டார். பேசியவர் உழவரல்லர்; உழவர் வேடம் பூண்ட பத்திரிகையாளர். அந்நாளில் அமெரிக்க உழவர் பலர் விலைவீழ்ச்சியாலும் கடனாலும் நைந்தனர். பனியின் அழகு பாட்டில் இடம்பெற்றது. கடனோ பெரும்பாலும் வெளியே நின்றது.

இனி நம் கடாரத்தை நோக்குவோம். நமக்கும் பருவங்கள் உண்டு. தை, மாசி வறட்சியில் கித்தா மரத்தின் இலை பழுத்துச் சிவந்து உதிரும்; பின்னர்ச் செந்தளிர் அரும்பும். காய் வெடித்துக் கொட்டை சிதறுங்கால் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. கித்தா நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் நகர வீடுகளில் வாழும் நம்மவர் பழைய லயத்தை நினைந்து ஏங்குகின்றனர். ஏங்குதல் குற்றமன்று.

ஆனால், அவ்விலையுதிர்வு தொழிலாளிக்கு உணர்த்தியது யாது? பால் குறையும்; பால் குறைந்தால் வருவாயும் குறையும். சருகின் அழகோடு அடுப்படிக் கவலையும் பிறந்தது. விடியுமுன் பெரட்டு; அந்தியில் கள்ளுக்கடை. 1947-ல் பீடோங் வட்டாரத் தொழிலாளர் கள்ளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். சென்றது பொற்காலமாயின் அவர் கிளர்ந்தது எதற்கு?

நம் தோட்டத்து நாட்டுப்பாடல்கள் இதனை மறைத்தில. கடல் கடந்த துயரும் கங்காணியின் கொடுமையும் அவற்றில் உண்டு. தாலாட்டும் காதலும் உண்டு. பட்டவரே பாடினர், வேடம் வேண்டப்படவில்லை.

அப்பாடல்களின் மொழியைக் கேட்டு நம்மவரிற் சிலர் நாணுகின்றனர். பெரட்டு ஆங்கிலத்தினின்றும், கித்தா மலாயினின்றும் வந்த சொற்களே. ஆயினும் என்? நம் மூதாதையர் வியர்வையில் நனைந்து தமிழானவை அவை. ஏட்டுத் தமிழைக் கற்போம். தோட்டத் தமிழை இகழோம்.

பழைமையின் இனிமையை மட்டுங் கேட்கும் பிள்ளை, அதை ஏன் விட்டு வந்தீர் என்று கேட்கும். கசப்பை மட்டுங் கேட்கும் பிள்ளை, தன் பாட்டியை எண்ணி நாணும். இரண்டையும் ஒருங்கே கூறுதலே அறம். ஆதலின் அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோர் அருகமர்ந்து அவர் பாடுவதைக் கேளுங்கள். ஒரு சொல்லையும் திருத்தாது எழுதி வையுங்கள்.