மீண்டும் அரிச்சுவடி

சனிக்கிழமை தோறும் தெமோதரையிலிருந்து பதுளைக்குச் சென்று, ஒரு சிறிய அறையில் எழுவரோடு எட்டாமவராக அமர்ந்து, ஜெர்மன் மொழியின் அரிச்சுவடியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். தமிழிலே பட்டம் பெற்று, பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்து வந்த நமது நா, ‘என் பெயர் இது’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் மூன்று முறை தடுக்கி விழுந்தது. அந்த விழுகையிலிருந்து எழுந்த சில எண்ணங்களை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பாடத்தில் வினாக்கள் மூன்றே. உங்கள் பெயர் என்ன? எங்கிருந்து வருகிறீர்கள்? என்ன தொழில் செய்கிறீர்கள்? உலகின் எந்த மொழிப்பாடமும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கும். ஆனால் இரண்டாவது வினா கேட்கப்பட்டபோது, நம் பக்கத்திலிருந்த தோட்டத்து இளம்பெண் ஒருத்தி, ‘நான் இலங்கையிலிருந்து வருகிறேன்’ என்று ஜெர்மன் மொழியில் தயக்கமின்றிச் சொன்னாள். ஆசிரியை தலையசைத்து அடுத்தவரிடம் சென்றார். எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது!

அதே வினா அவளுடைய பாட்டனாரிடம் கேட்கப்பட்டபோது அவ்வளவு எளிதில் முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை ‘எங்கிருந்து வருகிறீர்கள்?’ என்பது இம்மக்களில் ஒரு பகுதியினருக்கு அரசு விடுத்த விசாரணையாகவே இருந்தது. அன்னிய மொழியொன்றின் முதற்பாடம் ஒரு விநாடியில் ஏற்றுக்கொண்ட விடையைச் சொந்த நாடு ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

ஆகவே மொழி கற்பது வெறும் சொற்சேகரிப்பன்று. ஒரு மனிதன் இன்னொரு மனிதன் முன்னே எந்த நிலையில் நிற்கிறான் என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. நாம் கேட்க விரும்புவது இதுதான்: கற்கத் தொடங்குபவனுக்கு, அறியாதவனாக நிற்பவனுக்கு, மற்றவர்கள் எதற்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள்?

வளர்ந்த மனிதன் புதிய மொழியின்முன் குழந்தையாகிறான். அவனுடைய அறிவு குறைவதில்லை, அனுபவம் அழிவதில்லை, நா மட்டும் நான்கு வயதுக்குத் திரும்பிவிடுகிறது. தொல்காப்பியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வல்லவன், தண்ணீர் வேண்டும் என்று கேட்க வழியறியாமல் நிற்கிறான். இந்நிலையில் தன்னை அறிவிலி என்று எவரும் எண்ணிவிடக் கூடாதே என்று அவன் உள்ளம் பதைக்கிறது. அந்தப் பதைப்பு நமக்கு ஏற்பட்ட அன்றுதான், வகுப்பின் கடைசி வாங்கில் வாய் திறவாமல் இருக்கும் மாணவனை நாம் எத்தனை முறை ‘மந்தம்’ என்று மனத்துக்குள் தீர்ப்பளித்திருக்கிறோம் என்பது உறைத்தது. தமக்குப் படிக்க வராத மொழியில் அச்சிட்ட படிவத்தைக் கையிலேந்தி, காரியாலய முகப்பில் கூனிக்குறுகி நிற்கும் தோட்டத்துத் தாய்மார்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கொழுந்தின் பக்குவத்தை விரல் நுனியால் அறிகின்றவர்கள் அவர்கள். மேசைக்கு அப்பாலிருப்பவரின் கண்ணுக்கோ ‘ஒன்றும் தெரியாதவர்கள்.’ ஒரு மொழியை அறியாமை வேறு, அறியாமை வேறு. இரண்டையும் ஒன்றாகக் காண்பதே அதிகாரத்தின் பழைய தந்திரம்.

தொடங்குவதற்கு வாங்கு கிடைப்பதே ஓர் உரிமை என்பதையும் மறத்தலாகாது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் இந்நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் அக்கதவுக்கு வெளியே விடப்பட்டனர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1970களில்தான் தொடங்கிற்று. நம் முன்னோர்க்குத் தடுக்கி விழுவதற்குக்கூட ஒரு பாடசாலைத் தரை இருக்கவில்லை.

பிறர் மொழியைக் கற்பதில் இரு வழிகள் உண்டு. இரண்டுக்கும் நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், தமிழ் கற்க விரும்பி, முதிய ஆசிரியர் ஒருவரையும் அவருடைய திண்ணைப் பள்ளிச் சிறுவர்களையும் தேடிக்கொண்டார். அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். பத்தாண்டுகளில், 1716இல், அவர் எழுதிய தமிழிலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. மதமாற்றமே அவருடைய நோக்கம் என்பதையும், டென்மார்க் அரசின் நிழலில் வந்தவர் அவர் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் இருபத்துநான்கு வயதில் சிறுவர்களுக்குச் சமமாக மணலில் அமர்ந்த அந்தக் கணத்தில், கற்பிப்பவர் தமிழர், கற்பவர் ஐரோப்பியர். அவ்வுறவு அவரையும் மாற்றிற்று. தமிழருக்கும் அறநூல்கள் உண்டு, நாகரிகம் உண்டு என்று தம் நாட்டாருக்கு அவர் எடுத்தெழுத நேர்ந்தது. பின்னாளில் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்ததும் இவ்வழியின் தொடர்ச்சியே.

மற்ற வழி நம் மலைகளிலே நடந்தது. வெள்ளைத் துரைமாரும் தமிழ் கற்றார்கள். சின்னத்துரைமார் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத்தக்க கையேடு ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய வேறொரு நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. இலக்கணம் படித்தவர்க்கு அந்த முதற்பெயரே முழுக் கதையையும் சொல்லிவிடும். ஏவல் வினைமுற்று, அதிலும் ஒருமை. ‘வாருங்கள்’ அன்று, ‘வா’. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ அன்று, ‘இங்கே வா’. இருபது வயதுச் சின்னத்துரை அறுபது வயதுத் தொழிலாளியை ‘நீ’ என்று அழைக்கக் கற்றுக்கொண்டான். அவர் திருப்பிப் பேசினால் விளங்கிக்கொள்ளும் தேவை அவனுக்கு இருக்கவில்லை. கட்டளையிடுவதற்காகக் கற்ற மொழி, காது இல்லாத மொழி.

ஜெர்மன் மொழியிலும் நமது ‘நீ’, ‘நீங்கள்’ போல இரு வழக்குகள் உண்டு. அறிமுகமில்லாத பெரியவர் எவராயினும், அவர் தெருக் கூட்டுபவராயினும், ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும் என்று ஆசிரியை இரண்டாம் வாரத்திலேயே அழுத்திச் சொன்னார். நமது பிரட்டுக் களங்களில் இவ்வொரு பாடம் நடந்திருந்தால்! அதைவிட, ஆசிரியர்களாகிய நாம் பாடசாலைக் காவலாளியை எவ்வாறு அழைக்கிறோம் என்றும் எண்ணிப் பார்த்தல் நலம்.

பிறமொழி நமது மொழியையே புதிய வெளிச்சத்தில் காட்டும். ஜெர்மன் மொழியில் முதலாளியை ‘வேலை கொடுப்பவர்’ என்றும் தொழிலாளியை ‘வேலை எடுப்பவர்’ என்றும் பொருள்படும் சொற்களால் குறிக்கிறார்கள். ‘மூலதனம்’ முதற்பாகத்தின் மூன்றாம் பதிப்புக்கு 1883இல் எழுதிய முன்னுரையில் ஏங்கெல்ஸ் இவ்வழக்கைக் கடிந்தார். உழைப்பைக் கொடுப்பவன் தொழிலாளி. அதைக் காசுக்குப் பெறுபவன் முதலாளி. அப்படியிருக்கப் பெயர்கள் தலைகீழாகி நிற்பதென்ன என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. உடனே நாணமும் வந்தது. தமிழில் நாம் மட்டும் என்ன சொல்கிறோம்? ‘வேலை கொடுப்பவர்’ என்றுதானே? அதற்கும் மேலே போய், ‘நமக்குப் படியளக்கிறவர்’ என்றல்லவா தோட்டத்தில் சொல்லி வந்தார்கள்! ‘மூலதனம்’ ஹம்பர்க்கில் வெளியான 1867ஆம் ஆண்டிலேதான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். நூறாண்டுகளுக்கு மேலாகப் படியளந்தது யார், அளக்கப்பட்டது யாருடைய வியர்வை என்பதை நம் சொல்லே மறைத்து வைத்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘இந்த இளைஞர்கள் இலக்கியம் படிக்கவா ஜெர்மன் கற்கிறார்கள்? முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் உழைப்பதற்காக அல்லவா? அன்று கங்காணி ஆள் சேர்த்தான். இன்று மொழிச் சான்றிதழ் ஆள் சேர்க்கிறது. பெயர்தான் மாறியிருக்கிறது’ என்று தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னார்.

இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், பிழைக்க வழி தேடி நாடு விட்டுப் போக விரும்பும் இளைஞரைக் குறை கூறும் தகுதி எவர்க்கும் இல்லை. நம்மோடு படிக்கும் எழுவரில் ஐவர் அந்நோக்குடையவரே. ஜெர்மனிக்கு அவர்களுடைய கைகள் வேண்டும். ஆகவே அவர்களுடைய நாவையும் பயிற்றுகிறார்கள். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டம் மாற விரும்பிய அன்றைய தொழிலாளி தன் கடன்தொகை குறித்த ‘துண்டு’ ஒன்றைச் சுமந்து சென்றான். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அந்தக் காகிதமே அவனுடைய விலை. அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். இன்றைய இளம்பெண் தன் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடலாம். இது பெரிய விடுதலையன்று. ஆனால் சிறிய வேறுபாடுமன்று.

அவ்வேறுபாடு பயன் தர வேண்டுமாயின், கற்கும் வாக்கியங்களும் மாற வேண்டும். ‘தயவு செய்து’, ‘நன்றி’, ‘மன்னியுங்கள்’ என்பவை முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. ‘ஏன்?’, ‘எத்தனை மணி நேரம்?’, ‘இது ஒப்பந்தத்தில் இல்லை’, ‘தொழிற்சங்கக் காரியாலயம் எங்கே?’ என்பவற்றை நாமாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பணிய மட்டும் கற்றுக்கொண்டவன் மொழியில் பாதியைத்தான் கற்றான். ‘இங்கே வா’ என்ற நூலின் மறுபக்கமாக, ‘வருகிறேன் துரை’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த தலைமுறையை நாம் உருவாக்கலாகாது.

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஜெர்மன் மொழியின் மூன்று பால்களையும் நான்கு வேற்றுமைகளையும் பொறுமையோடு மனனம் செய்யும் நாம், அடுத்த வீட்டு மொழியான சிங்களத்தை அதே ஆவலோடு ஏன் கற்பதில்லை? பதுளைச் சந்தையில் நம்மோடு தினமும் நிற்பவர் யார்? எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மொழி இனிக்கிறது. வேலிக்கு அப்பாலுள்ளது ஏன் கசக்கிறது?

காரணம் நாம் அறியாததன்று. 1956இல் ‘சிங்களம் மட்டும்’ என்று சட்டம் இயற்றியபோது, அம்மொழி அயலான் வீட்டு வாசலாக இல்லாமல் சுங்கச் சாவடியாக மாறிற்று. தேர்ச்சி பெறாவிட்டால் பதவியில்லை என்ற அச்சுறுத்தலின் கீழ் எதனைக் கற்றாலும் அதில் அன்பு முளைக்காது. தவறு மொழியினுடையதன்று, அதனைக் கோலாக்கி ஓங்கிய கையினுடையது. 1987இல் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. எழுத்தில் வந்த நீதி முகப்பு மேசைக்கு முழுமையாக வந்து சேரும்வரை, நம் மொழியில் நமக்கு விடை வேண்டும் என்ற கோரிக்கையை ஒரு சொல்லும் குறைத்தலாகாது.

ஆனால் உரிமையைக் கோருவது ஒன்று. அயலானின் மொழியைக் கற்பது மற்றொன்று. முன்னையது அரசோடு நமக்குள்ள வழக்கு. பின்னையது மனிதரோடு நமக்குள்ள உறவு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிட்டால், அரசு செய்த குற்றத்துக்கு அடுத்த வீட்டாரையும் நம்மையுமே தண்டித்தவராவோம். இக்கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. சிங்கள ஆசிரியர் தமிழ் அரிச்சுவடியின்முன் தடுக்கி விழவும், தமிழ் ஆசிரியர் சிங்கள அரிச்சுவடியின்முன் தடுக்கி விழவும், ஒருவரை ஒருவர் நகையாமல் தூக்கிவிடவும் தயாராக வேண்டும். ஊவாவின் கிணற்றடிகளிலும் சந்தைகளிலும் படிப்பறியாத முதியோர் சான்றிதழ் எதுவுமின்றி இதனைச் செய்திருக்கிறார்கள். படித்தவர்களாகிய நாமே பின்தங்கியிருக்கிறோம்.

மொழி கற்கத் தொடங்குபவனைப் பற்றி மார்க்ஸ் 1852இல் எழுதிய நூலில் ஓர் உவமை கூறுகிறார்: தொடக்கத்தில் அவன் ஒவ்வொரு சொல்லையும் தன் தாய்மொழிக்கு மாற்றியே விளங்கிக்கொள்கிறான், தாய்மொழியை நினையாமல் அதில் இயங்கும்போதுதான் புதுமொழி அவனுடையதாகிறது. புரட்சியைப் பற்றிச் சொல்லவந்த இடத்தில் அவர் கூறியது அது. அவருடைய கருத்தை மதித்தே ஒன்று சொல்வோம்: தாய்மொழியில் எழுதவும் படிக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு, மறப்பது எளிய காரியமாகவே எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அவர்களுக்குக் கடினமானது, பிறமொழிக்குள் சென்று மீண்டும் தம் மொழியைக் கண்டெடுப்பது.

நம் தெமோதரைப் புகையிரத நிலையத்தை அறிந்தவர்க்கு இது விளங்கும். சரிவு மிகுந்ததால் நேரே இறங்க முடியாத பாதை, நிலையத்தைக் கடந்து மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே பதுளை நோக்கிச் செல்கிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வழி தோன்றியது என்று இவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அக்கதையை விடாமல் சொல்லி வருபவர்கள் தொழிலாளர்களே. தமக்கும் ஏதோ தெரிந்திருந்தது, படித்தவர் ஒருவர் ஒருமுறை அதனைக் கவனித்தார் என்பதே அவர்கள் சொல்ல விரும்புவது.

சென்ற வாரம் ‘சிறுமி’ என்ற சொல்லுக்குப் பெண்பால் அடைசொல்லைச் சேர்த்து வாசித்தோம். முன்னே இருந்தவள் திரும்பினாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் படித்த மாணவி. ‘சேர், அது அஃறிணை மாதிரி வரும். நீங்கதானே சொல்லித் தந்தீங்க, குழந்தை அழுதது என்று? அதுபோலத்தான்’ என்றாள். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. நாம் திருத்தி எழுதிக்கொண்டோம்.