அடுத்தவர் வலையில் விழும் இறால்

இரவு முழுக்க வலை போட்டும் ஒரு மீன்கூடச் சிக்காத கதை நற்செய்தி நூல்களில் இரண்டு இடங்களில் வருகிறது. லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் ஒன்று, யோவான் 21-இல் இன்னொன்று. நகரத்துக் கோவிலில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது அற்புதத்துக்கு முன்னால் வரும் ஒரு வரி. ஏரிக்கரை மீனவ ஊரான பழவேற்காட்டில் அதே வரியை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. டீசல் காசு, ஐஸ் காசு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், கூட வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய பங்கு என்று அதன் பின்னால் ஒரு கணக்கு நோட்டே விரிந்து கிடக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ‘கிறிஸ்தவ மகிழ்ச்சி’ என்று எதைச் சொல்வது? மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: ஆசீர்வாதம். விசுவாசம் இருந்தால் கடன் தீரும், வலை கிழியும் அளவு மீன் விழும். லூக்கா சொல்லும் கதையையே இதற்குச் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தக் கதையின் கடைசி வரியை மட்டும் சத்தமாக வாசிப்பதில்லை. படகுகள் அமிழ்ந்துபோகும் அளவுக்கு மீன் கிடைத்த அதே காலையில், பேதுருவும் கூட்டாளிகளும் எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போய்விட்டார்கள். அத்தனை மீனையும் யார் ஏலம் விட்டார்கள் என்று லூக்கா எழுதவில்லை.

ஆசீர்வாதக் கணக்கு பழவேற்காட்டில் தடுமாறுவதற்கு ஏரியே ஒரு காரணம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன, கடல் முகத்துவாரம் வழியாக உப்புநீரை அனுப்புகிறது. பல இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. இறாலின் வாழ்க்கையே இந்தக் கலப்பை நம்பித்தான்: கடலில் பொரித்த குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகிறது. மழை பொய்த்து, அலை மணலைத் தள்ளி முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் இரண்டு பயணமும் நின்றுபோகும். அப்போது மகிமை மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவர் வலையும் காலி, அம்மனுக்குக் கூழ் வார்த்தவர் வலையும் காலி. மணல் திட்டு யார் எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்று பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டாரைவிடத் தனக்கு அதிகம் கிடைத்தால்தான் கடவுள் தன் பக்கம் என்று நம்புகிறவருக்கு இந்த ஏரி நல்ல பாடசாலை.

இன்னொரு பாடம் ‘பாடு’ முறையில் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் இறாலை அள்ளிக்கொண்டு போகும் இடங்கள் சில. அவைதான் பாடுகள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறைகளாக இவற்றைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துவருகின்றன. நல்ல பாடு ஒருவருக்கே நிலைப்பதில்லை. இன்று ஓட்டம் நிறைந்த இடத்தில் வலை கட்டியவர் இன்னொரு நாள் தண்ணீர் தேங்கும் இடத்தில் நிற்பார்; முறை இல்லாத நாளில் அங்கே வலையை இறக்கவே கூடாது. இந்த ஏற்பாட்டை ஆராய உலகின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் ஆள முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி.

ஆய்வேடுகள் அதிகம் பேசாத ஒரு பக்கமும் அதற்கு உண்டு. தன் முறை இல்லாத நாளில் ஒருவர் கரையில் நின்று பார்க்கிறார். அவர் நேற்று நின்ற அதே இடத்தில் இன்னொருவரின் மடி கனத்து வருகிறது. மறுநாள் காலை ஏலத்தில் அந்தக் குவியலுக்கு விலை ஏறுகிறது. தம் கூடையில் நாலு மடவை மட்டும் இருக்கும்போது, ஏலக்குரலைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்க ஒரு மனம் வேண்டும். சீட்டு வலையைத்தான் பங்கு போடும், வயிற்றெரிச்சலைப் பங்கு போடாது. முறை ஒழுங்காகச் சுற்றிவரும் ஊரிலும் முகம் சுளித்தே ஆயுளைக் கழித்தவர்கள் இருப்பார்கள்.

நற்செய்தியில் இந்த முகச்சுளிப்புக்கென்றே ஒருவன் இருக்கிறான்: ஊதாரி மைந்தன் கதையில் வரும் மூத்த மகன். வயலிலிருந்து திரும்புகிறான், வீட்டுக்குள் ஆட்டமும் பாட்டும் கேட்கிறது, உள்ளே போக மறுக்கிறான். அவனிடம் குறையில்லை. அப்பன் சொத்தில் பாக்கி முழுக்க அவனுக்குத்தான். தம்பிக்குப் பிடித்து அடித்த கன்றுதான் அவன் தொண்டையில் சிக்குகிறது. கிறிஸ்தவ வாழ்வில் மகிழ்ச்சி எங்கே வடிகிறது என்று கேட்டால், வறுமையைவிட இந்த வாசற்படியைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஜெபம் தவறாதவர், காணிக்கை தவறாதவர், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்ததைக் கேட்டு இரவெல்லாம் புரண்டு படுப்பவர் எல்லாப் பங்கிலும் உண்டு. பங்குக் குருமாரும் விலக்கல்ல.

திருச்சபை இந்த மனித சுபாவத்தை அறிந்துதான் மகிழ்ச்சியை மனநிலையின் பொறுப்பில் விடாமல் நாட்காட்டியில் எழுதி வைத்தது போலும். கத்தோலிக்க வழிபாட்டில் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. ஊதா உடை மாறி ரோஜா நிற உடை வரும், ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஐரோப்பாவில் அது குளிர்கால நடு. சோழமண்டலக் கரையில் அது வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் உருவாகும் நேரம், படகு கரையேறிக் கிடக்கும் நேரம், அடகுக் கடைக்கு நகை போகும் நேரம். 2016-இல் மகிழ்ச்சி ஞாயிறு டிசம்பர் 11 அன்று வந்தது. மறுநாள் திங்கட்கிழமை வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தது. இந்த வரிசையை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் மகிழ்ச்சி ஞாயிறைக் கொண்டாடுவது என்றால் காற்றின் சேதி வானொலியிலும் கைபேசியிலும் வந்துகொண்டிருக்கும்போதே கொண்டாடுவதுதான்.

2004-இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்திய மறுநாள் காலை சுனாமி. தமிழகக் கரை நெடுக, வீட்டு வாசல்களில் தொங்கிய காகித நட்சத்திரங்களைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஊர்கள் அழிந்தன. பழவேற்காட்டுக்கு அதன் கிறிஸ்துமஸ் துயரம் தனியாகவும் வந்தது: 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. படகோட்டிப் பிழைத்தவர்களின் வருமானமும் போனது. இந்த நாள்களை வைத்துக்கொண்டு, கடவுள் நல்லவர் என்றால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று எவராவது இங்கே பிரசங்கம் செய்தால், கேட்பவர்கள் மரியாதைக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த ஆண்டும் நட்சத்திரம் கட்டினார்கள். அதற்கு விளக்கம் கேட்டால் பெரிதாக ஒன்றும் வராது. கிறிஸ்துமஸ் வந்தது, கட்டினோம் என்பார்கள்.

மகிழ்ச்சியைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாகப் பேசுவது பிலிப்பியர் திருமுகம். பவுல் அதைக் கைதியாக இருந்தபோது எழுதினார். இதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்போம். கேட்டுப் பழகியதாலேயே அதன் கூர்மை மழுங்கிவிட்டது. கைதியின் மகிழ்ச்சிக்கு மதிப்பு உண்டு. சிறைச்சாவியை வைத்திருப்பவர் அதே வசனத்தைச் சொன்னால் என்ன மதிப்பு? பழவேற்காட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல.

இங்கே மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தைப் போர்த்துகீசியர் காலத்து 1515 என்று கத்தோலிக்கர் கணக்கிடுகிறார்கள். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள். மனிதர்களையும் ஏற்றினார்கள். 1620-களில் பஞ்சத்தாலும் போராலும் சிதறிய ஆயிரக்கணக்கானவர்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பிய துறைமுகம் இது. கோட்டைக்கெனச் சீர்திருத்தச் சபைப் போதகர்கள் இருந்தார்கள், ஞாயிறு வழிபாடும் இருந்தது. கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய தூண்கள், உள்ளே பூவேலையும் குலச் சின்னங்களும் செதுக்கிய கற்பலகைகள். படாவியாவுக்குப் போனவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. அந்தப் பலகைகளின் அழகை ரசிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கோட்டைக் காலத்திலேயே வேறு மாதிரி ஒரு மனிதரும் இருந்தார். ஆபிரகாம் ரொஜேரியுஸ், 1632 முதல் 1642 வரை இங்கே போதகர். பத்மநாபர் என்ற பிராமணரோடு உட்கார்ந்து பேசி, இந்துக்களின் வாழ்க்கையையும் வழிபாட்டையும் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதினார். சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் நீதிவாக்கியங்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழிக்குப் போனது இந்த நூலின் வழியாகத்தான். 1651-இல் லெய்டனில் அது அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. நூலின் தொனியில் அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பெருமிதம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பத்து ஆண்டு ஒரே ஊரில் இருந்து, வேற்று மதத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை மட்டும் போதாது. கேட்பதில் ருசியும் இருந்திருக்க வேண்டும். அடுத்தவரிடம் இருக்கும் நல்லதைக் கண்டால் சந்தோஷப்படும் குணத்துக்கு இதுவும் உறவுதான்.

மறுபடி ஏரிக்கு வருவோம். பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் வேலியைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மை. பாடுகளில் உரிமை உள்ளவர்கள் ஒரு குறிப்பிட்ட மீனவச் சாதியில், குறிப்பிட்ட ஊர்களில், பட்டியலில் பெயர் உள்ளவர்கள். தலித் மீனவர்களும் மற்றவர்களும் நல்ல இடங்களுக்கு வெளியேதான் வலை போட வேண்டும். இதை வைத்துத் தகராறுகளும் நடந்திருக்கின்றன. இருளர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. ஆழமில்லாத நீரில் முட்டிபோட்டு நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சிக்கிய ஒவ்வொன்றையும் அதற்குள் போடுவார்கள். கெளுத்தி முள் ஏறும், சிப்பி விரலைக் கிழிக்கும். பறி வாயில் இருக்கும்போது வலித்தாலும் கத்த முடியாது.

திராட்சைத் தோட்ட உவமை இந்த இடத்தில் வேறு மாதிரி ஒலிக்கிறது. கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி. காலையிலிருந்து வேலை செய்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பட்டியலில் உள்ளவரின் முறை சுற்றி வருவதில் நியாயம் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே இருப்பவரின் பறி நிறைவதைப் பார்த்து முகம் மலர நியாயம் மட்டும் போதாது. அந்த உவமை அதைத்தான் கேட்கிறது, நம் பங்குகள் பெரும்பாலும் அதை நழுவவிட்டுவிடுகின்றன.

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்து, வீட்டுக்கு வீடு முறை மாற்றிக் கூடுவார்கள். ஒரு வாசகம், கொஞ்சம் பேச்சு, மன்றாட்டு, பிறகு தேநீர். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கூட்டம். சில சமயம் சலிப்பாகவும் இருக்கும், யாராவது ஒருவர் மன்றாட்டை இழுத்துக்கொண்டே போவார். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குக் குழுக் கடன் தவணை இந்த வாரம், யார் மகன் பாலிடெக்னிக்கில் தேறினான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். தேறியவனுக்காக எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். தேறாதவனின் அம்மாவும் அதே பாயில் உட்கார்ந்து சேர்ந்து சொல்கிறார். அவர் வாயிலிருந்து வரும் அந்த நன்றிக்கு முழு மனம் இருக்குமா என்று கேட்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் சொல்லிச் சொல்லித்தான் மனம் அதற்குப் பழகுகிறது.

பாடு பட்டியலில் இல்லாதவர் வீட்டிலும் அந்தப் பாய் விரிகிறதா, அவர் வீட்டுத் தேநீரை மற்றவர்கள் குடிக்கிறார்களா என்பதை மறைமாவட்ட அறிக்கை எதுவும் எழுதாது. தெருவில் இரண்டு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும்.