பாட்டி வந்த வீடு



ஜூலை மாதம் 26-ந் தேதி, தேவமாதாவின் பெற்றோரான அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் இருவரின் திருநாள். நம் ஆண்டவருக்கு அவர்கள் தாத்தாவும் பாட்டியும். முன்னே சுவக்கீன் திருநாள் ஆகஸ்டு 16-ந் தேதி தனியாக வந்தது. 1969-ம் ஆண்டில் திருச்சபையின் காலண்டர் திருத்தப்பட்டபோது, கணவனையும் மனைவியையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டார்கள். இத்திருநாளையொட்டி, ஜூலை மாதத்து நாலாம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக 2021-ம் ஆண்டில் பாப்பு பிரான்சிஸ் ஏற்படுத்தினார். ஆகையால் இவ்வாரம், பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பாட்டியைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

சில காலத்துக்கு முன், ஒரு நாள் காலைப் பூசை முடிந்து அறைவீட்டுக்குத் திரும்பினேன். திண்ணையில் ஒரு பாட்டி, பக்கத்தில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார்கள். மகன் வீட்டில் தலைப்பிள்ளை பிறந்து இரண்டு மாதம். சுக்கும் பூண்டும் கருப்பட்டியும், தொட்டில் கட்டத் தம்முடைய பழைய நூல் சேலைகளும் சுமந்துகொண்டு, ஒரு மாதம் இருப்பதற்காக வந்தவர்கள்.

"சாமி, ஆசீர்வாதம் குடுங்க. ஊருக்குப் போறேன்."

"வந்து ஒன்பது நாள்தானே ஆகிறது, அம்மா?"

"போதும் சாமி. பிள்ளை நாக்குல ஒரு சொட்டுத் தேன் தொட்டு வச்சேன். மருமக வெடுக்குன்னு பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிட்டா. ஆறு பிள்ளை வளத்தவ நான். எனக்குப் பிள்ளை வளக்கத் தெரியாதாம்."

காப்பி குடிக்கச் சொல்லி அவர்களை இருத்திவிட்டு, நான் அந்த வீட்டுக்குப் போனேன். மருமகளின் கண்கள் சிவந்திருந்தன. "சாமி, ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாதுன்னு நர்ஸம்மா கண்டிப்பாச் சொன்னாங்க. அதான் பயந்துட்டேன். ஆனா அத்தை கையிலேருந்து நான் பிடுங்கியிருக்கக் கூடாது. மூணு ராத்திரியாத் தூக்கமே இல்ல சாமி" என்றாள். பிள்ளையின் தகப்பனோ, எது பேசினாலும் ஆபத்து என்று, செல்போனைப் பார்த்தபடி மூலையில் இருந்தான்.

பெயரும் தெருவும் சொல்லாமல் இதை எழுதலாம் என்று அந்தக் குடும்பத்தாரே சம்மதித்திருக்கிறார்கள். உங்களில் பலர், இது நம் வீட்டுக் கதையல்லவா என்று நினைப்பீர்கள். பெரிய பாவத்தினால் குடும்பம் பிரிவதை எல்லாரும் பார்க்கிறோம். ஒரு சொட்டுத் தேனால் பிரிவதை யார் பார்க்கிறார்கள்?

ஒரு சந்திப்பைச் சுவிசேஷத்தில் பாருங்கள். கன்னிமரியம்மாள் யூதேயா மலைநாட்டுக்குத் தீவிரமாய் நடந்துபோய், முதிர்ந்த வயதில் கருத்தாங்கியிருந்த எலிசபெத்தம்மாளின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். வீட்டுக்கு வந்தவள் சர்வேசுரனுடைய தாய். ஆனாலும் அவள் வீட்டை ஆள வரவில்லை, கைகொடுக்க வந்தாள். வரவேற்ற எலிசபெத்தம்மாளோ வயதிலே மூத்தவள், குருவின் மனைவி. ஆனாலும், உனக்கென்ன தெரியும் என்று கேட்கவில்லை. நீ என்னிடம் வர நான் எம்மாத்திரம் என்று தாழ்ந்தாள். வந்தவளும் தாழ்ந்தாள், வரவேற்றவளும் தாழ்ந்தாள். அதனால்தான் அந்த வீட்டில், பிறவாத சிசுவும் தாயின் வயிற்றில் துள்ளிற்று.

மாமியார் மருமகள் இருவருக்கும் இன்னும் நெருங்கிய உதாரணம் வேண்டுமானால், பழைய ஏற்பாட்டில் ரூத்தின் ஆகமத்தை எடுத்து வாசியுங்கள். கணவனையும் இரு மக்களையும் இழந்து வெறுங்கையாய் ஊர் திரும்பிய நகோமியை, மருமகள் ரூத் கைவிடவில்லை. பிற்பாடு ரூத்துக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தபோது, நகோமி அதைத் தன் மடியில் வைத்து வளர்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், நகோமிக்கே பிள்ளை பிறந்தது என்று சொல்லி மகிழ்ந்தார்கள். ரூத் அதற்கு மனம் நோகவில்லை. அந்தக் குழந்தைதான் தாவீது அரசனின் பாட்டனான ஓபேது. நம் ஆண்டவருடைய வம்சவரிசை, ஒரு மருமகள் தன் பிள்ளையை மாமியார் மடியில் கொடுத்த அந்த வீட்டின் வழியாய் வந்தது.

பாட்டிமாரே, முதலில் உங்களோடு பேசுகிறேன். நான் பிள்ளை வளர்த்தவனல்ல. ஆயினும் அறிந்தோரிடம் கேட்டறிந்து சொல்லுகிறேன். தேனிலே சில வேளை கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வித்து இருப்பதுண்டு. பெரியவர்கள் குடலில் அது சாதாரணமாய்த் தலைதூக்காது. ஒரு வயது நிறையாத பிள்ளையின் குடலிலோ முளைத்து, நஞ்சைச் சுரந்து, உடலைத் துவளச் செய்யக்கூடும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். சீனித் தண்ணீர் மட்டுமல்ல, வெறுந்தண்ணீரும் வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் காலத்தில் இது தெரிந்திருக்கவில்லை. அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. தெரிந்த பிறகும் பிடிவாதம் பிடித்தால் அது குற்றம்.

ஆனால் தேனை எடுத்து வைத்துவிட்டால் பாட்டிக்கு என்ன வேலை என்று எண்ணாதீர்கள். இதமாய் எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதன்மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் பக்குவம் எந்தப் புத்தகத்திலிருந்து வரும்? இது பசி அழுகை, இது தூக்க அழுகை என்று பிரித்தறியும் காது யாருக்கு இருக்கிறது? பெற்றவளுக்குச் சூடாய் ஒரு வாய் சோறு போட்டு, "நீ படு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இன்னொரு காரியம். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணம் தெரியாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரங்களுக்கு மேலும் அந்தத் துயரம் நீங்காமல், உண்ணப் பிடியாமல், பிள்ளையை ஏறெடுத்துப் பாராமல் இருந்தால், அது ஒரு வியாதி. அதற்கு வைத்தியம் உண்டு. "நாங்கள் பெறாத பிள்ளையா?" என்று இடித்துரைக்காதீர்கள். காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரவாதியிடம் கொண்டுபோகாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் இதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவள் பாட்டிதான். அவள் கண் குறை தேடும் கண்ணாயிராமல், இரங்கும் கண்ணாயிருக்கட்டும்.

இளந்தாய்மாரே, டாக்டரும் நர்ஸும் சொன்னதைக் கடைப்பிடிப்பது உங்கள் கடமை. ஆனால் சொல்லும் விதம் ஒன்று உண்டு. "அத்தை, இப்படிச் சொல்லியிருக்காங்க; நீங்களும் ஒரு தரம் கூட வந்து கேட்டுக்குங்க" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் பாதி வழக்குத் தீர்ந்தது. பிள்ளை உங்களுக்குச் சொந்தமல்ல, பாட்டிக்கும் சொந்தமல்ல. சர்வேசுரன் நம்பி ஒப்படைத்த பொருள் அது. ஒப்படைத்த பொருளைக் காக்க, கூட இரண்டு கை இருப்பது பாக்கியமேயன்றி இடைஞ்சலல்ல.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தைதான். அர்ச். சூசையப்பர் பேசின ஒரு சொல்லும் சுவிசேஷத்தில் இல்லை. ஆனால் அவர் இரவோடு இரவாய் எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு நடந்தார். நீங்களும் பேசாமலிருங்கள், ஆனால் எழுந்திருங்கள். தாய்க்கும் மனைவிக்கும் நடுவே நின்று இருவர் மனதையும் ஆற்றுவது உங்கள் வேலை. இரவில் ஒரு தரம் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்துவதும் உங்கள் வேலையே.

பாட்டியின் கையால் பிள்ளைக்கு வருவது சோறும் தாலாட்டும் மட்டுமல்ல. திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோயியிடமும், பிறகு தாயிடமும் இருந்தது என்று அர்ச். சின்னப்பர் நினைவூட்டுகிறார். பாப்பு பிரான்சிஸ் அர்ஜென்டீனா தேசத்தில் 1936-ம் ஆண்டில் பிறந்தவர். அவருக்கு ஒரு வயது கடந்த சமயம் தம்பி பிறந்தான். தாய்க்கு உதவியாக, அருகிலேயே குடியிருந்த பாட்டி ரோசா காலையில் வந்து மூத்தவனைத் தூக்கிப்போய், நாளெல்லாம் வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவாள். தமக்குச் செபிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவளே என்றும், பெரிய வெள்ளிக்கிழமைப் பவனியில் மரித்த ஆண்டவரின் சுரூபத்துக்கு முன் தம்மை முழங்காற்படியிடச் செய்து, இவர் உயிர்த்தெழுவார் என்று சொன்னவளும் அவளே என்றும் அவர் பிற்காலத்தில் நன்றியோடு சொன்னார். கைக்குழந்தையால் களைத்த ஒரு தாய்க்கு ஒத்தாசை செய்யப்போன கிழவி, தான் ஒரு பாப்புவை வளர்க்கிறோம் என்று கண்டாளா?

திண்ணையில் விட்டுவந்த பாட்டியை மறந்துவிடவில்லை. அவர்களை நானே அந்த வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போனேன். நியாயம் விசாரிக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. உள்ளே நுழையும்போதே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மருமகள் ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு, "அத்தை, கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்று பிள்ளையை நீட்டினாள். கிழவி பையைக் கீழே போட்டார்கள். பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்து, அதன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தார்கள். மருமகள் போய்ப் படுத்தவள் மூன்று மணி நேரம் தூங்கினாளாம். தேன் சீசா சமையற்கட்டுக்குப் போயிற்று. பாட்டி ஊருக்குப் போகவில்லை.

பிரியமானவர்களே, இவ்வாரம் ஒரு தீர்மானம் செய்வோம். பாட்டி வந்திருக்கும் வீட்டில், இரவு செபமாலை முடிந்தவுடன், பாட்டியே பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையட்டும். பெற்றவள் அதற்குப் பிள்ளையை ஏந்திப் பிடிக்கட்டும். தூரத்தில் இருக்கும் பாட்டிக்குப் பிள்ளையின் குரலைப் போனிலாவது கேட்கச் செய்யுங்கள். மரித்துப்போன பாட்டிமாருக்காக ஞாயிறு பூசையில் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

தேவமாதாவை மடியில் வளர்த்த அர்ச். அன்னம்மாள், நம் வீடுகளிலுள்ள எல்லா மடிகளுக்காகவும் வேண்டிக்கொள்வாளாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு