கணக்கில் வராத காகம்

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலே, வரிசை வீடுகள் நெருங்கி நிற்கும் தோட்டமொன்றில் வாழும் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், 15 மாணவரை அழைத்துக்கொண்டு பெல்லன்வில–அத்திடியச் சதுப்பு நிலத்துக்குச் சென்றிருந்தேன். எங்கள் கூட்டத்துக்கு இருந்த தூரதிருஷ்டிக் கண்ணாடிகள் இரண்டு. அவற்றுள் ஒன்றிற்கு ஒரு கண்தான் தெரியும். செந்நாரை ஒன்று நாணலுக்குள் அசைவற்று நின்றது. நீலத் தாழைக்கோழிகள் மிதந்த களைகளின் மேல் நடந்து திரிந்தன. கண்ணாடி அம்மாணவியின் கைக்கு வந்ததும், அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு அதை என்னிடமே திருப்பித் தந்தாள்.

“எங்க தோட்டத்துல தண்ணி பைப்புக்கு முன்னால விடிய நாலு மணிக்கே வாளி வச்சு இடம் புடிக்கணும் சேர். இந்தக் கொக்கு சும்மா நிக்கிறதைப் பார்த்து எங்களுக்கு என்ன வரப்போகுது?” என்றாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஆசிரியர்களுக்கே உரிய ஏதோவொரு மறுமொழியைச் சொல்லிச் சமாளித்தேன். ஆயின் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. மனிதர் நீருக்குக் காத்து நிற்கும் ஊரில் நீர்ப்பறவையை நோக்கிக் காத்து நிற்பது ஒழுக்கத்துக்கு இசையுமா என்பதே அவள் கேட்டதன் பொருள்.

பறவை நோக்கல் என்னும் இப்பொழுதுபோக்கு எமக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். கண்ணாடிக்கு முன்னர் துவக்கு வந்தது. 1880இல் நிறைவுற்ற ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ என்னும் பெருநூலை எழுதிய வின்சென்ட் லெக் பிரித்தானியப் படை அதிகாரி. அக்காலத்தில் ஒரு பறவையை அறிவதென்றால் அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பாடம்செய்து வைப்பதே முறை. 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகத்தின் ஆரம்ப காலத்தவருள் தோட்டத்துரைமார் முக்கியமானோர். 1955இல் வெளிவந்து, பின்வந்த தலைமுறைகளுக்கெல்லாம் கைநூலாக விளங்கிய நூலின் ஆசிரியர் ஜி. எம். ஹென்றியும் இந்நாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றியவரே. இவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வுழைப்பின்றி நாம் இன்று ஒரு பறவையையும் சரிவரப் பெயர் சொல்லியிருக்க மாட்டோம். எனினும் அவர்கள் நின்று பார்த்த மேட்டு நிலம் யாருடைய முதுகு என்ற வினாவும் உடன் எழுகின்றது.

இங்கிலாந்திலேயே இவ்வினா எழுந்தது. அந்நாட்டு நாட்டுப்புறத்தில் இளவேனிலில் விடியற் குரல்களைக் கேட்கவும், இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் கூட்டங்களைக் காணவும், கடுங்குளிரில் கழிமுகங்களில் வந்திறங்கும் வாத்துகளை எண்ணவும் கூட்டங்கூட்டமாகச் செல்வது இன்று சாதாரண வழக்கம். ஆனால் அந்நாட்டுப்புறம் பொதுமக்களுக்கு எளிதாகத் திறந்துவிடவில்லை. நோதம்ப்ரன்ஷயரிலே ஹெல்ப்ஸ்ரன் என்னும் கிராமத்துப் பொதுநிலங்கள் 1809இன் சட்டமொன்றினால் வேலியிடப்பட்டபோது, அவ்வூர்ப் பண்ணைக் கூலியாளனான ஜோன் கிளேயர் தான் சிறுவயதில் அலைந்து திரிந்த நிலத்திலேயே அந்நியனானான். பறவைக் கூடுகளை அவனளவு நுணுக்கமாக அறிந்த கவிஞர் ஆங்கிலத்திற் சிலரே. அவனுக்கு அந்த அறிவைத் தந்தது ஓய்வு அன்று, வயல் வேலை.

1932 ஏப்ரில் 24ஆந் திகதி நடந்ததும் இத்தகையதே. மான்செஸ்ரர் முதலிய ஆலை நகரங்களின் இளந் தொழிலாளர் சில நூறு பேர், பெனி ரொத்மன் என்ற இளம் பொதுவுடைமைவாதியை முன்னிறுத்திக் கின்டர் ஸ்கவுட் மேட்டின்மீது தடையை மீறி ஏறினர். அம்மேட்டு நிலங்கள் ஏன் அடைக்கப்பட்டிருந்தன தெரியுமா? பிரபுக்கள் ஆண்டிற் சில நாட்கள் சுட்டு மகிழும் ‘குரவுஸ்’ என்னும் பறவைக்காக! காவலாளருடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவருக்குச் சிறை கிடைத்தது. அதே 1932இற்றான் பறவைகளைத் தொண்டர்களைக் கொண்டு முறையாகக் கணக்கெடுக்கும் பிரித்தானியப் பறவையியல் நிறுவனமும் தோன்றியது. அதுவும் இதுவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் ஒருபுறத்தே பறவையை எண்ணக் கற்ற சமுதாயம், மறுபுறத்தே பறவையின் பேரால் மனிதனைச் சிறையில் இட்டது. தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைக்குமான சட்டம் 1949இற்றான் வந்தது.

எனவே, பறவை பார்ப்பது ‘பணக்காரர் வேலை’ என்று கூறி ஒதுக்கும் தோழர்களுடன் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அது பணக்காரர் வேலையாயிருப்பது பறவையின் குற்றமன்று. எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளி எஞ்சிய நேரத்தை உறங்குவதற்கு மாத்திரமா கேட்டான்? மலையும் சதுப்பும் விடியற் பொழுதும் தனக்கும் உரியவை என்றே கேட்டான்.

இன்னொரு மறுமொழியும் உண்டு. அன்று அம்மாணவிக்கு நான் சொன்னதும் இதுவே. இச்சதுப்பு நிலங்கள் கொழும்பின் வெள்ளத்தைத் தாங்குவன. அவற்றை மண்ணிட்டு நிரப்பினால் நீர் வேறெங்கு போகும்? 2016 மே மாதத்தில் களனி பெருகியபோது கொலன்னாவையின் ஏழைக் குடியிருப்புகள் கூரைவரை நீரில் நின்றன. 2017 ஏப்ரிலில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அடுத்த ஆண்டு ஒக்டோபரில், உலகின் முதல் 18 ‘ஈரநில நகரங்களுள்’ ஒன்றாகக் கொழும்பு பாராட்டப் பெற்றது. இரண்டும் ஒரே நகரத்தின் செய்திகள்! நாரைக்கு நிலம் இருந்தால் ஏழைக்கு வெள்ளம் குறையும் என்ற வாதம் வலுவானது. செங்கற்பட்டுச் சீமையிலே வேடந்தாங்கல் உழவர் இதனை நம்மைவிட முன்னரே கண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த அவர்கள், வெள்ளைச் சிப்பாய்கள் அவற்றைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கம்பனிக் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றார்கள். பறவைக் கழகம் எதுவும் அன்று அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆயினும், வீடு திரும்பிய பின்னர் இம்மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. பயனுள்ளது என்பதனாற் காக்கப்படுவது, பயன் முடிந்ததும் என்னாகும்?

இவ்விடத்திற் காகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பறவை நோக்குவோர் எவரும் தம் பட்டியலிற் காகத்தை மகிழ்ச்சியோடு எழுதுவதில்லை. ஜிந்துப்பிட்டியிலோ விடியலும் மாலையும் காகத்துக்கே உரியன. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் கோப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழுக்கள் அழித்தபோது, துரைமார் இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோய் அங்கு விட்டார்கள். புழுவைத் தின்னுவதே அவற்றுக்கு இடப்பட்ட வேலை. பின்னர் கோப்பி போயிற்று, இரப்பர் வந்தது. காகம் மாத்திரம் போகவில்லை. குஞ்சு பொரித்து, துறைமுகத்தையும் சந்தையையும் தன் ஊராக்கிக்கொண்டது. அப்போது அது தொல்லையாயிற்று. பிற்காலத்தில் கிள்ளானிலே துவக்குக்காரரை ஏவிக் காகங்களைச் சுடும் இயக்கங்களை நகர நிருவாகமே நடத்தியது.

இக்கதையைக் கேட்கும் தமிழனுக்கு வேறொரு கதை நினைவுக்கு வராதிருக்குமா? கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட மக்கள், காட்டை அழித்து மலையகத்தை உண்டாக்கினர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று கணக்கு முடிந்தது. ‘பின்னர்’ என்பது 1974இல் வந்தது. அந்த ஒன்றரை இலட்சத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பல குடும்பங்களுக்கு இவ்வெண்கள் வெறும் எண்கள் அல்ல. எந்தச் சகோதரன் எந்தப் பங்கிற் போனான் என்ற வீட்டுக்கதை அது.

இதே மலையகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் அளவில் ஆறுமணிக்குருவி வருகின்றது. இந்தியாவிற் கூடுகட்டி, குளிர்காலத்தை இங்கே கழித்து, ஏப்ரில் அளவில் திரும்பிச் செல்லும் சிறு பறவை. நுவரெலியாவின் விக்ரோறியாப் பூங்காவில் அதனைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் வருகின்றனர். ‘பறவைக்கு எல்லையில்லை’ என்று அவ்வேளையிற் சிலர் உருகுவதுண்டு. அந்த உருக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லையைக் கீறிய கைகளை அது மறைத்துவிடுகின்றது. ஆனால் அப்பூங்காவில் நிகழும் வேறொன்று என் மனத்தைத் தொடுகின்றது. குப்பைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் அக்குருவி தென்பட்டால், அதனிடம் எவ்விதப் பயனையும் எதிர்பாராத மனிதர்கள் மூச்சையடக்கி நிற்கின்றனர். வந்த இடத்தைக் கேட்பதில்லை, செய்யும் வேலையைக் கேட்பதில்லை. ‘இருக்கிறது’ என்று ஏட்டிற் குறித்துக்கொள்கின்றனர். இந்நாட்டில் ஒரு நூற்றாண்டு உழைத்த மனிதருக்கு அரசு மறுத்தது இந்த ஒரு வரிக் குறிப்பையே.

பயன் கருதாது ஒன்றை நோக்கவும், அதன் இருப்பை ஒப்புக்கொள்ளவும் பழகுவது சிறிய காரியமன்று என்றே நினைக்கின்றேன். சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் வெருளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. எச்சம் உரமாகும் என்பது உண்மையே; ஆனால் தன் பிள்ளையின் பண்டிகை மகிழ்ச்சியை உரக்கணக்குப் பார்த்து எவரும் விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே வேறேதோ இருக்கின்றது.

இதற்கு மறுபக்கம் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. அப்பழக்கம் பறவையோடு நின்றுவிடவும் கூடும். தோட்டத்துரைமாரின் கண் கூர்மையற்ற கண்ணன்று. மரக்கிளையில் அரைக்கணம் அசைந்த சிற்றுருவைப் பிடித்த கண் அது. அதே கண் கொழுந்து நிரை நடுவே நாள் முழுதும் நின்ற பெண்ணைக் காணவில்லை. அவளும் அப்பறவைகளை அறிந்திருந்தாள், தன் பெயர்களால் அழைத்திருந்தாள் என்பதை எந்தக் கைநூலும் கேட்டுக் குறித்ததாக நான் கண்டதில்லை. 2009இல் வன்னியில் மாண்டோர் எத்தனை பேர் என்பதற்கு யாவரும் ஒப்பிய கணக்கு இன்றுவரை இல்லை. ஜனவரி தோறும் ஆசிய நாடுகளின் நீர்நிலைகளிற் பறவைகளை எண்ணும் பணி 1987 முதல் நடந்துவருகின்றது. எண்ணுதல் தவறன்று, எண்ணத் தெரிந்த சமுதாயம் எதை எண்ணாது விட்டது என்பதே கேள்வி.

அம்மாணவி அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய அப்பியாசப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். நான் எதுவும் எழுதச் சொல்லியிருக்கவில்லை. மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை, முருகன் கோயிலுக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டு மொட்டைமாடியில் இருந்து எண்ணியிருக்கிறாள். காகம் 212. செம்பருந்து 3. மைனா 9. பேர வாவிப் பக்கம் போன கூழைக்கடா 1. அதே அட்டவணையில், மறுநாள் விடியற்காலை என்று திகதியிட்டு, பைப்புக்கு முன் வாளி 41 என்று எழுதியிருந்தது.

கடைசி வரியை வேறொரு பக்கத்துக்கு மாற்றச் சொல்லலாமா என ஒரு கணம் எண்ணினேன். சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு முத்துராஜவெலைக்குப் போக பஸ் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். கணக்குப் பார்த்துச் சொன்னேன்.