நடுவில் நிற்றல்

நடு என்பது ஓர் இடமா, ஒரு நிலையா என்னும் கேள்வி சமயத்தையும் தத்துவத்தையும் ஆராய்ந்தவர்களின் உள்ளத்தை நெடுங்காலமாகப் பற்றி நின்றிருக்கிறது. ஒருவரை மத்தியஸ்தர் என்று போற்றும்போது, இரு கட்சிக்கும் இடையே ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து அதில் அமர்ந்துகொண்டவர் என்றா கருதுகிறோம்? அவ்வாறாயின், கட்சிகள் சற்றே இடம் மாறியதும் அவருடைய மத்தியஸ்தம் குலைந்துபோகும். எனக்கு நெடுநாள் இருந்துவந்த இந்தச் சந்தேகம், சாஸ்திர விசாரத்தோடு சிறிதும் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஓரிடத்தில், இணையப் பக்கங்களுக்கு உருவம் வகுக்கும் சி.எஸ்.எஸ். என்னும் விதித்தொகுப்பில், தெளிவு பெற்றது.

ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்து, பெர்ட் போஸ் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய அத்தொகுப்பின் முதற்பதிப்பு 1996 டிசம்பரில் வெளியாயிற்று. எழுத்துகளை ஒரு வரியின் நடுவே வைப்பதற்கு அதில் சொல் இருந்தது. ஆனால் ஒரு பெட்டியை நோக்கி, ‘நடுவில் நில்’ என்று ஆணையிடும் சொல் அதில் கிடையாது. இடப்புற ஓரவெளியாகிய மார்ஜினுக்கும் வலப்புற மார்ஜினுக்கும் ‘ஆட்டோ’ என்று எழுதிவிட்டால், பெட்டியின் அகலம் போக மிஞ்சிய வெளியைப் பிரவுசர் தானே இரண்டாகப் பகுத்து, இருபுறமும் ஒப்ப வைத்துவிடுகிறது. நடுவில் நிற்பது அங்கே ஒரு கட்டளையின் நிறைவேற்றமாக இராமல், மிச்சத்தைச் சமமாக விட்டதன் பயனாகவே அமைகிறது.

இதன் உட்பொருளை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியவன் என் தங்கை மகன். ஒரு மாலைப்பொழுதில் அவன் திரையின் முன்னே சலிப்போடு உட்கார்ந்திருந்தான். அவன் அமைத்த பெட்டி, மஞ்சள் வண்ணம் பூசப்பெற்று, இடக் கோடியிலிருந்து வலக் கோடிவரை ஒரு விரற்கடையும் விடாமல் பரந்து கிடந்தது. “மாமா, ரெண்டு பக்கமும் ஆட்டோ குடுத்துட்டேன், அசையவே மாட்டேங்குது” என்றான். “அகலம் எவ்வளவு கொடுத்தாய்?” என்று கேட்டேன். “அதைக் குடுக்கவே இல்லையே” என்றவன், 600 பிக்சல் என்று ஒரு வரி சேர்த்தான். 1,000 பிக்சல் அகலமுள்ள அந்த வெளியில், மஞ்சள் பெட்டி சுருங்கி, இருபுறமும் இருநூறு இருநூறாக வெண்மை விட்டு, நட்டநடுவில் வந்து நின்றது. வெளியை அவன் 800 ஆகக் குறுக்கினான். பெட்டி தன் அளவில் மாறாமல், இருபுறமும் நூறு நூறாக விட்டு, மறுபடியும் நடுவிலேயே இருந்தது.

தனக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொள்ளாத பெட்டி கிடைத்த இடம் முழுவதையும் தானே நிரப்பிக்கொள்கிறது. அப்போது பகுத்துக் கொடுக்க மிச்சமில்லை. தான் நிற்கும் வெளியைக் காட்டிலும் அகன்றுபோன பெட்டியின் கதியோ இன்னும் பரிதாபகரமானது: ஆட்டோ என்பது பூஜ்யமாகிவிட, அது இடப்புறம் ஒட்டிக்கொண்டு வலப்புறம் வழிந்து தொங்குகிறது. பாகப்பிரிவினைக்கு அழைக்கப்பட்ட பெரியவர்கள் பலரிடம் இதையே கண்டிருக்கிறேன். அண்ணன் தம்பி இருவரிடத்தும் அவர்களுக்குப் பட்சபாதம் இருந்ததில்லை. ஆயினும், அவர்களுடைய அனுபவமும் அபிப்பிராயமும் கௌரவமும் கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டமையால், சகோதரர்கள் தம் குறையைச் சொல்வதற்கு இடமில்லாமற் போயிற்று.

புத்தர் பெருமான் சாரநாத்தின் மான்வனத்தில் ஐந்து துறவிகளுக்கு முதன்முதலாக உபதேசித்த மத்திய மார்க்கத்தையும் இவ்வாறே உணர வேண்டும் என்று தோன்றுகிறது. அரண்மனைப் போகத்தையும் உடலை வாட்டும் கடுந்தவத்தையும் நேரில் அனுபவித்துத் துறந்த அவர், அவ்விரண்டிலும் பாதிப் பாதி எடுத்துக் கலந்துகொள்ளும்படி சொல்லவில்லை. காட்சிக்கும் சொல்லுக்கும் செயலுக்கும் ஜீவனத்துக்கும் செம்மையான வரம்பு வகுக்கும் எட்டு நெறிகளையே மத்திய மார்க்கம் என்று காட்டினார். வரம்பு அமைந்தவிடத்து நடு தானே வாய்க்கிறது. வெளி விரிந்தாலும் சுருங்கினாலும், அந்த நடு வரம்புடையவனோடு கூடவே வருகிறது.

இதெல்லாம் சுயமுயற்சியைப் பற்றிய பேச்சு, இறைவன் அருளுக்கு இதில் இடம் எங்கே என்று ஓர் ஆஸ்திகர் கேட்கக்கூடும். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்கிறது என்று வைணவப் பெரியோர் கண்ட இரு நெறிகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. சி.எஸ்.எஸ்.ஸில் பின்னாளில் வந்த ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறை இரண்டாவதைப் போன்றது: உள்ளிருக்கும் பெட்டி ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை, அதைத் தாங்கும் தாய்ப்பெட்டியே அதை நடுவில் நிறுத்திவிடுகிறது. ஆயினும், இடம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டு பரந்துவிட்ட பெட்டியைத் தாய்தான் எந்தப் பக்கம் நகர்த்துவாள்? அருள் வந்து செய்வதற்கும் சற்று வெற்றிடம் வேண்டியிருக்கிறது.

திருக்குறளில், பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில், நடுவு நிலைமை 12ஆம் அதிகாரம். அடக்கமுடைமை 13ஆம் அதிகாரம். முன்னது நீதிபதிகளுக்கும், பின்னது மாணாக்கர்களுக்கும் உரியது என்று பல ஆண்டுகள் நான் எண்ணியிருந்தேன். தன்னை ஓர் அளவுக்குள் அடக்கிக்கொள்ளாதவனுக்கு நடுவு நிலைமை கைகூடாது என்பதனால், அவ்விரண்டும் ஓர் அறத்தின் இரு பாதிகளாகவே இப்போது எனக்குத் தோன்றுகின்றன. பாகப்பிரிவினைக்கு என்னையும் யாரேனும் அழைக்கும் வயது எனக்கு வந்துவிட்டது. அன்று மாலை அந்தப் பையனிடம் கேட்ட கேள்வியை அழைத்த வீட்டின் வாசற்படியிலேயே என்னை நான் ஒருமுறை கேட்டுக்கொண்டு, பிறகுதான் உள்ளே செல்கிறேன்.