பிணியாளரைப் பேணும் பிள்ளைகள்

 

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமலானில் முஸ்லிம்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை, மனைவியின் அருகிலிருந்து கவனிக்கும்படி நாயகம் அவர்கள் பணித்துச் சென்றார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டியபோது ருகையா (ரலி) அவர்கள் காலமாகிவிட்டார்கள். ஆயினும், களத்தில் நின்றவருக்குரிய நன்மையும் பங்கும் உஸ்மான் (ரலி) அவர்களுக்கும் உண்டென்று நாயகம் அவர்கள் அறிவித்தார்கள்.

இதில் நமக்கு இரு பாடங்கள் உள. நோயாளியைப் பேணுவது பெரும் நற்செயல் என்பது ஒன்று. அதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். பேணுபவரை ஜமாஅத் மறக்கலாகாது என்பது மற்றொன்று. அதைத்தான் நாம் மறந்திருக்கிறோம்.

நம் ஜார்ஜ் டவுனிலேயே பாருங்கள். சிறுநீரகம் கெட்ட வாப்பாவை வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்கிறான், எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் மகன். வாதத்தில் விழுந்த நன்னியை இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைக்கிறாள் பேத்தி. நலம் விசாரிக்கப் போகும் நாம், "சுவர்க்கத்துப் பிள்ளை" என்று புகழ்ந்து, தேநீர் அருந்தி எழுந்து வருகிறோம். நேற்றிரவு அப்பிள்ளை உறங்கியதா என்று கேட்டோமா?

பெற்றோரைச் 'சீ' என்னவும் கூடாதென ஓதி வளர்ந்த பிள்ளை அது. உடல் ஓய்ந்து மனம் சலிக்கும்போது, அச்சலிப்பையே பாவமென்று அஞ்சி உள்ளுக்குள் புழுங்குகிறது. செல்வங்களே! உள்ளத்தில் வந்துபோகும் எண்ணத்தை, சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை, இறைவன் குற்றமாக எழுதுவதில்லை என்பது நாயகத்தின் போதனை.

மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டென 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கண்டது. வீட்டில் நோயும் சேர்ந்தால் கேட்கவும் வேண்டுமோ? இதனை ஈமான் குறைவு என்பாருண்டு. மகனைப் பிரிந்த துயரால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைத் திருமறை கூறுகிறதே. அவர்களுக்கா ஈமான் குறைவு?

இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, தம் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையை ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அது உண்மையென நாயகம் அவர்களும் ஒப்பினார்கள். வணக்கத்துக்கே ஓர் அளவு உண்டெனில், பணிவிடைக்கு இல்லையா? நோயாளிக்கு வேறு துணையில்லையெனில், அவரைக் கவனிப்பவர் ஜும்ஆவுக்கு வராதிருக்கவும் ஷாஃபியீ சட்டம் இடந்தருகிறது. மார்க்கமே சலுகை தந்த பிள்ளையை, "பள்ளிவாசல் பக்கமே காணோமே!" என்று நாம் ஏசலாமா?

ஆகவே சகோதரர்களே, புகழ்ச்சி போதும்; பங்கைக் கொடுப்போம். வாரம் ஒருநாள் அஸரிலிருந்து இஷா வரை நாம் நோயாளியின் அருகில் அமர்வோம். பிள்ளை உறங்கட்டும், படிக்கட்டும், தோழரோடு கடற்கரைக்குப் போய் வரட்டும். ஆஸ்பத்திரித் தவணைகளில் ஒன்றை நாம் ஏற்போம். சமூக நல இலாகாவின் உதவித் தொகைக்கு மனு எழுதிக் கொடுப்போம். மனம் மிக நொந்த பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் கொடுத்து வைப்போம். மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

பிணியாளருக்குச் சுகத்தையும், பேணும் இளைய நெஞ்சங்களுக்கு ஆறுதலையும், நமக்கு அவர்தம் சுமையில் பங்கேற்கும் பாக்கியத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.